இழுத்தால் கிழியாத சட்டை

அந்த அம்மாள் சட்டை வாங்க வந்தவளாகத் தெரியவில்லை. கிழிக்க வந்தவளாகத்தான் தெரிந்தாள்.

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் நிழலில் வெயிலே காணாத அந்த விளையாட்டு உடுப்புக் கடையில் பிந்து ஒன்பது வருடமாக நிற்கிறாள். துணியைத் தடவிப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறாள். துணியைப் பாராமல் விலைச்சீட்டை மட்டும் பார்ப்பவர்களையும் கண்டிருக்கிறாள். தோள் தையலுக்கு இருபுறமும் கைகொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டி இழுக்கிற ஒருத்தியை அன்றுதான் கண்டாள்.

முதலில் எடுத்துக்கொடுத்தது அறுநூறு ரூபாய்ச் சட்டை. ஒரே இழுப்பில் தோளில் இரண்டு இழை தெறித்தது.

"அம்மா, நீங்க சட்டை எடுக்க வந்தியளா, கோழி உரிக்க வந்தியளா?"

அம்மாள் சிரிக்கவில்லை. "இது ஆவாது மக்ளே. வேற காட்டு."

மாடியில் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு வகுப்பு தொடங்கி எட்டு மாதமாகிறது. எதிராளியைத் தரையில் கிடத்தி, கட்டிப் புரண்டு, கையையோ காலையோ மடக்கிப் பணிய வைக்கிற வித்தை. தொளதொளத்த டீ-சர்ட்டில் விரல் மாட்டினால் முறிந்துபோகும். ஆகவே உடம்போடு ஒட்டிக் கிடக்கிற ராஷ் கார்ட் போடாதவர்களை மாஸ்டர் மெத்தையில் ஏற்றுவதில்லை. நாளை முதல் பிள்ளையையும் ஏற்ற மாட்டாராம். கையில் இருப்பது ஆயிரம் ரூபாயாம். இவ்வளவையும் வந்ததுமே சொல்லிவிட்டவள், மகளுக்கா என்று பிந்து கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லாமல் அடுத்த சட்டையை விரித்தாள்.

விற்பனைக்காகப் பொய் சொல்லும் பழக்கம் பிந்துவுக்கு இல்லை. ஆயிரத்து எண்ணூறு ரூபாய்ச் சட்டையில் பாதி விலை நெஞ்சிலிருக்கும் புலிக்குத்தான் என்றாள். புலி வேண்டாமென்றால் தொள்ளாயிரத்து ஐம்பதுக்கு வெறும் கறுப்பில் ஒன்று இருக்கிறது: முழுக்கை, உடம்பில் உரசாத தட்டைத் தையல், அக்குளில் தனித்துண்டு, இழுத்தால் வெளுக்காமல் பழையபடி சுருங்கிக்கொள்கிற துணி. வெந்நீரில் போடாமல் நிழலில் உலர்த்தினால் இரண்டு வருடம் உழைக்கும்.

அம்மாள் அதையும் தோளில் பிடித்து இழுத்தாள். இழை அசையவில்லை. நம்பாமல் இன்னொரு முறை இழுத்தாள்.

பிந்துவுக்குப் பொறுமை போய்விட்டது. ராஷ் கார்ட் போட்டு ஆடுகிற ஆட்டத்தில் எதிராளியின் துணியைப் பிடிப்பதே குற்றம். பிடிக்காத சட்டை எப்படிக் கிழியும் என்று கேட்டாள்.

"பிடிக்கவன் மாடியில இல்ல மக்ளே."

அளவுக்கென்று பையிலிருந்து ஒரு நைட்டியை எடுத்து மேசையில் விரித்தாள். தோளிலிருந்து இடுப்புவரை அது ஒரே கிழியலாகக் கிழிந்திருந்தது.

பிந்துவின் கையிலிருந்த அளவு நாடா நின்றது.

"கெட்டுனவனா?"

"ம்."

"குடியா?"

"குடிச்சா உறங்கிருவான். குடிக்காத அன்னிக்குத்தான்."

வகுப்புக்கு மட்டுமல்ல, வீட்டிலும் நைட்டிக்கு உள்ளே இதைத்தான் பிள்ளை ஜெமி உடுத்திருக்க வேண்டும் என்று அம்மாள் விளக்கினாள். போன மாதம் வாசல் திறந்துதான் கிடந்தது. ஓடியிருக்கலாம். மேலே துணி இல்லாமல் பிள்ளை எப்படித் தெருவில் இறங்குவாள்?

பிந்துவுக்குக் கோபம் வந்தது. நகை போட்டுக் கட்டிக்கொடுத்ததோடு கடமை தீர்ந்ததென்று இருந்துவிட்டு, சவப்பெட்டியின் மேல் விழுந்து அழுகிற தாய்மாரை அவள் அறிவாள். பிள்ளை அடிபடுகிறாள் என்று தெரிந்தபின், கூட்டி வந்து சோறு போடாமல், கிழியாத சட்டை தேடிக் கடையேறுகிறவள் என்ன பிறவி? மனத்தில் வந்ததை அவள் வாயிலும் தடுக்கவில்லை.

"ஒரு பாய் விரிக்க உங்க வீட்டுல இடம் இல்லியாம்மா? அவ செத்த பொறவுதான் கண்ணு தெறக்குமா?"

அம்மாள் ஒன்றையும் மறுக்கவில்லை. யாரோ தரவேண்டியதை இவளாவது தந்தாளே என்பதுபோல் அத்தனையையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபத்துக்கு என்று அவனிடம் பொய் சொல்லி, ஜெமியை மாடிக்குக் கூட்டி வருவது தான்தான் என்று மட்டும் சொன்னாள். ஆண்டவருடைய பேரைச் சொன்னால் அவன் கேள்வி கேட்பதில்லையாம்.

பில்லுக்குப் பெயர் கேட்டபோது ஜெபகனி என்றாள். ஊர் களியக்காவிளை. பிந்து எழுதினாள். பேசியது கூடிப்போயிற்றோ என்று உறுத்தியது. ஆனாலும் கேட்காமல் விட முடியவில்லை.

"பிள்ள நல்லாப் படிச்சி ஒருநாள் அவனுக்க கைய ஒடிச்சா, அவனுக்க அம்மை சும்ம இருப்பாளா?"

ஜெபகனி சட்டையைப் பையில் வைத்து, மீதிச் சில்லறையைப் பொறுக்கி எடுத்தாள்.

"இருப்பேன்," என்றாள். "மருமவ அடி வாங்கும்போ நாலு வருசமா அடுத்த ரூமுல சும்மதான இருந்தேன். நான் பெத்த மவன் வாங்கும்போவும் இருப்பேன்."