நான்காம் தொட்டியின் மரியாதை

என் அப்பாவுக்குப் பிறகு நான் யாருக்கும் எழுந்து நின்றதில்லை. அவர் தொடங்கிய சிப்பிக் குஞ்சு பொரிப்பகத்தில் நான் நுழைந்தால் எல்லோரும் எழுவார்கள்.

அன்று நான்காம் தொட்டியில், தூசியாய் நீந்திக்கொண்டிருந்த சிப்பிக் குஞ்சுகள் மொத்தமும் அடியில் விழுந்து கிடந்தன. பாக்டீரியா நோய்.

"மாமா வந்தும் எந்திரிக்கலையே, என்ன திமிரு இதுங்களுக்கு!" என்றாள் மருமகள். சொல்லும்போதே கண் கலங்கியிருந்தது. மறுநாள் குஞ்சு வாங்க ஆள் வருகிறார். "பாதியாவது பொழைக்கும் மாமா. குடுத்துடலாமா?"

"நோய்க்குஞ்சை வித்துட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வெளிய நடக்கிறது? ஊத்தும்மா."

பிளீச்சிங் கரைசலை அவளே ஊற்றினாள். அதில் எதுவும் பிழைக்காது.

காலையில் தொட்டியைக் காலி செய்ய உள்ளே போனேன். அடியில் கிடந்த குஞ்சுகள் எல்லாம் மேலே எழுந்தன. வெளியே வந்தேன், இறங்கின. மறுபடி நுழைந்தேன், எழுந்தன. தண்ணீரில் பிளீச்சிங் நெடி அப்படியே இருந்தது.

மருமகள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டுக் கைதட்டிக் குதித்தாள். "ஒன்னுகூட சாகல மாமா! நோயே இல்ல! வாங்க வர்றவர்கிட்ட என்ன சொல்ல?"

"மரியாதை தெரிஞ்ச பிள்ளைங்க. விக்கிறதுக்கில்லன்னு சொல்லு."

தொட்டியருகே நாற்காலி போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். குஞ்சுகளும் இறங்கி அமர்ந்தன. மருமகளும் நானும் வாய்விட்டுச் சிரித்தோம்.

சற்று நேரத்தில் அவை மறுபடி எழுந்து வாசல் பக்கமாகத் திரண்டன. வாசலில் யாரும் இல்லை.

சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு நானும் எழுந்து நின்றேன்.