வேலூர்ப் பக்கம்

கண்டி, கொழும்பு வீதி அச்சகத்தில் மழை இரைச்சலையும் மீறி இயந்திரம் தடதடக்கிறது. கண்டியின் கடைசி அரசனைப் பற்றித் தான் எழுதிய சிறுநூலின் அச்சுப்படியை மங்கிய பல்பு வெளிச்சத்தில் புரட்டுகிறாள் தமயந்தி டீச்சர். முதல் ஆறு பக்கமும் பிரமுகர்களின் வாழ்த்துரைகள். அரசன் வேலூரில் சிறையிருந்த பக்கத்தைக் காணவில்லை. அதை எழுதத்தான் அவள் பேனாவையே எடுத்தாள்.

"தாள மடிச்சா பதினாறு பக்கந்தான் டீச்சர், கூட்ட ஏலாது" என்கிறார் அச்சகக்கார வீரய்யா.

"அப்ப ஒரு வாழ்த்துரைய எடுங்கண்ணே."

"நல்லா இருக்கே! வெளியீட்டுல முதல் பிரதி வாங்கப்போறது அவங்கதானே? ராசாவா வரப்போறாரு?"

அவள் மறுபடி அச்சுப்படியைப் புரட்டுகிறாள். கடைசிப் பக்கத்தில் அரசன் பிடிபட்டபடியே நிற்கிறான்.