தோற்க வேண்டிய ஆட்டம்

"தோத்துடுங்கன்னு நான் சொல்லவே இல்லை, கோச். டேவியனுக்கு முழங்கால் வலின்னு சொல்லி உட்கார வைங்கன்னுதான் சொல்றேன்."

அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் பிரைஸ் கெஸ்லர் இதைச் சொன்னார். டோலிடோ ஹெரான்ஸ் கூடைப்பந்து அணியின் மேலாளர் அவர். எதிரே உட்கார்ந்திருந்தார் பயிற்சியாளர் எமட் டார்வர்.

"அவனுக்கு வலி எதுவும் இல்லையே." அணியிலேயே நன்றாக ஆடுபவன் டேவியன்தான்.

"இன்னைக்கு மட்டும் இருக்கட்டுமே."

பருவத்தின் கடைசி ஆட்டம் அது. தோற்றால் லீகிலேயே கடைசி இடம். புதிதாக வரும் இளம் ஆட்டக்காரர்களில் முதல் ஆளை யார் எடுப்பது என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்யும். கடைசி இடத்தில் இருப்பவர்களுக்கு அதில் வாய்ப்பு அதிகம். ஜெயித்துவிட்டால் மூன்று அணிகளைத் தாண்டி மேலே போய்விடுவார்கள். அந்த வாய்ப்பும் குறைந்துவிடும்.

இந்த வருடம் முதல் ஆள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஜோசையா போல்டன். பத்தொன்பது வயது. அவன் எந்த ஊருக்குப் போவான் என்று தெரியும் முன்பே அவன் பெயர் போட்ட பனியன்கள் டோலிடோ கடைகளில் தொங்க ஆரம்பித்துவிட்டன.

"போல்டன் இங்க வந்தா, எல்லாரையும்விட உங்களுக்குத்தானே சந்தோஷம்?" என்றார் கெஸ்லர்.

டார்வர் பேச்சை மாற்றினார். "டேவியனை எடுக்கறதுக்காகவும் ஒரு வருஷம் இப்படித்தான் தோத்தோம், பிரைஸ். அதுக்கப்புறமும் தோத்துக்கிட்டேதான் இருக்கோம்."

"அதனாலதான் இன்னொருத்தன் வேணும்கிறேன்."

இன்று ஜெயித்தால் நாளை இந்த நாற்காலியில் வேறு பயிற்சியாளர் உட்கார்ந்திருப்பார் என்பதையும் கெஸ்லர் சொல்லிவிட்டார். மிரட்டவில்லை. நாளைக்கு மழை வரும் என்பதுபோல நிதானமாகச் சொன்னார்.

டார்வர் வெளியே வந்தார். உடை மாற்றும் அறைக்குள் நுழைந்தபோது, கழிப்பறையிலிருந்து வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. டேவியன்தான். சொந்த அரங்கில் ஆட்டம் என்றால் ஒவ்வொரு முறையும் இப்படித்தான்.

இந்த ஊருக்கு வந்தபோது சீட்டியடித்துக்கொண்டே திரிந்த பையன் அவன். அவனுக்குச் சொல்லித்தர வேண்டிய மூத்த ஆட்டக்காரர்களை எல்லாம் நிர்வாகம் அதற்குள் விற்றுவிட்டிருந்தது. தோல்வியைத் தவிர அவன் இங்கே எதையும் பார்க்கவில்லை. பந்து வளையத்தில் விழாவிட்டால் கூட்டம் ஏசியது. அடுத்த குலுக்கல் நெருங்கினால், விழுந்ததற்காகவும் ஏசியது. இப்போதெல்லாம் மாத்திரை போட்டால்தான் தூக்கம். என் பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று அவன் அம்மா போனில் டார்வரைக் கேட்டிருந்தாள்.

டேவியன் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். கண்கள் குழிக்குள் கிடந்தன. டார்வர் துண்டை நீட்டினார்.

"இன்னைக்கு நான் உட்காரணுமாமே, கோச்?"

"இல்லை. நீ ஆடற."

அரங்கு நிரம்பி வழிந்தது. வந்தவர்களில் பாதிப்பேர் அட்டையில் வெட்டிய போல்டனின் முகத்தை முகமூடியாக மாட்டியிருந்தார்கள். ஆயிரக்கணக்கான போல்டன்கள் டார்வரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் திரும்பவே அவருக்குப் பயமாக இருந்தது.

எதிரணி புள்ளி எடுத்தபோதெல்லாம் சொந்த ஊர்க் கூட்டம் கைதட்டியது. டேவியன் எடுத்தபோது கூச்சலிட்டது. அவனை வெளியே எடுக்கச் சொல்லி மேலே இருந்து இரண்டு முறை ஆள் வந்தான். டார்வர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

கடைசி நிமிடத்தில் ஹெரான்ஸ் ஒரே ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. டார்வர் இடைவேளை கேட்டு எல்லோரையும் அருகில் அழைத்தார். டேவியன் அவர் காதருகே குனிந்தான்.

"கோச், நிஜமாவே ஜெயிக்கணுமா?"

ஒரு ஆட்டக்காரன் கேட்கக்கூடிய கேள்வியா இது?

"ஜெயிக்கணும்டா. எப்படியாவது ஜெயிச்சுக் குடு."

டேவியன் எறிந்த பந்து வளையத்தின் விளிம்பில் ஒருமுறை சுற்றியது. டார்வர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அரங்கில் சத்தமே இல்லை. அட்டை முகங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று கொண்டிருந்தன. ஹெரான்ஸ் ஜெயித்திருந்தது.

கெஸ்லர் கத்தவில்லை. நாளை முதல் வர வேண்டாம் என்றார். அதோடு விட்டிருக்கலாம், வாசல்வரை கூடவே வந்தார்.

"வேற எந்தக் கோச் இதைச் செஞ்சிருந்தாலும் எனக்குப் புரிஞ்சிருக்கும். நீங்க செஞ்சதுதான் புரியலை."

டார்வர் தன் பொருட்களை ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு காருக்கு வந்தார். வெயில் இன்னும் இறங்கவில்லை. வேலை போனது உறைக்கவே இல்லை. பயம் மட்டும் முழுதாக விடவில்லை. குலுக்கல்தானே, எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று அது உள்ளே முனகிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. திரையில் தெரிந்த பெயரைப் பார்த்ததும் எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்தார். பிறகு எடுத்தார்.

"ஏம்ப்பா ஜெயிச்சீங்க?" ஜோசையா போல்டனின் குரல் உடைந்திருந்தது. "அம்மா பேரோடயே, அம்மா வீட்டிலேயே வளர்ந்துட்டேன். இனிமேலாவது உங்ககூட இருக்கலாம்னு நினைச்சேன். நான் வர்றது உங்களுக்குப் பிடிக்கலையாப்பா?"