ஜாமீன் கையெழுத்து

பினாங்கு ரோட்டில் ஒரு கடையின் மாடி. வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் அலுவலகம். சன்னல் இடுக்கில் நுழையும் பிற்பகல் வெயில் கடன் பத்திரத்தின்மேல் கோடுகோடாக விழுகிறது. மகள் இந்துமதியின் கட்டடக்கலைப் பொறியியல் படிப்புக்கு நாற்பதாயிரம் வெள்ளி (ரிங்கிட்) கடன். ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டிய தனலெட்சுமி, பாயான் பாரு தொழிற்சாலைச் சீருடையில் மகளோடு உட்கார்ந்திருக்கிறாள். பேனாவை இன்னும் தொடவில்லை. "படிச்சு முடிச்சா மாசம் மூவாயிரம் கிடைக்கும்லா அக்கா," என்கிறார் ஏஜெண்ட் ஜெயராஜ். "யாருக்குக் கிடைச்சுது தம்பி? ஒரு ஆளக் காட்டுங்க." இந்துமதி தலையைக் குனிந்துகொள்கிறாள். ஜெயராஜ் சிரித்தபடியே டெலிபோனைச் சுழற்றுகிறார். "நாகநாதன்னு, நாங்க அனுப்பி, படிச்சிட்டுத் திரும்பி வந்த பையன்தான். நீங்களே கேளுங்க." ரிசீவரைக் கொடுத்தபிறகும் அவர் கண் அவள் முகத்தை விட்டு நகரவில்லை. "தம்பி, உங்களுக்குச் சம்பளம் எவ்வளவு?" மறுமுனையில் தட்டச்சு ஓசை நிற்கிறது.  பிறகு குரலைத் தாழ்த்தி அவன் கேட்கிறான்: "அக்கா, கையெழுத்துப் போட்டுட்டீங்களா?" "இன்னும் இல்ல," என்கிறாள். ரிசீவரை வைத்துவிட்டு, பத்திரத்தை ஜெயராஜ் பக்கமே நகர்த்துகிறாள். இந்துமதியின் கண்கள் நிறைகின்றன. ஆனாலும் அம்மாவுக்கு முன்னால் அவள்தான் எழுந்து நிற்கிறாள்.