ஒட்டிக்கொண்ட பசைப் புட்டி

டிசம்பர் வந்தால் அந்த அனாதை இல்லத்துக்கு ஒரு கூட்டம் பெட்டியோடு வரும். பிள்ளைகளுக்குக் காகித நட்சத்திரம் செய்யச் சொல்லிக்கொடுக்கும். பெட்டிக்குள் இருந்த கத்தரிக்கோலுக்கு அது பழகிப்போன வேலை. பசைப் புட்டிக்கு அதுதான் முதல் தடவை.

பவழம் என்ற சிறுமி நட்சத்திரத்தில் பாதிதான் ஒட்டியிருந்தாள். அதற்குள் ஃபோட்டோ எடுத்தாகிவிட்டது. வந்தவர்கள் சாமான்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார்கள்.

"அண்ணே, இவளுது இன்னும் முடியலையே" என்றது பசைப் புட்டி, கத்தரிக்கோலிடம்.

"அடுத்த டிசம்பர்ல முடிப்பா. நீ மூடியைப் போட்டுக்கிட்டு வா."

"அதுக்குள்ள நான் காய்ஞ்சிடுவேனே."

"காய்ஞ்சா புதுசு வாங்குவாங்க. உனக்கென்ன தம்பி கவலை?"

பசைப் புட்டி கொஞ்சம் பசையைத் தன் காலடியில் வழியவிட்டு, மேசையோடு ஒட்டிக்கொண்டது. பெட்டி அடுக்கிய பெண் இழுத்துப் பார்த்து, கை பிசுபிசுக்கவே விட்டுவிட்டுப் போனாள்.

மறு வருஷம் கத்தரிக்கோல் வந்தபோது ஜன்னலில் அந்த நட்சத்திரம் முழுசாகத் தொங்கியது. சுவரெல்லாம் காகித மீன்கள், காகிதக் காக்கைகள். புட்டி அதே இடத்தில் நின்றிருந்தது.

"என்னடா, இப்படிக் காலியாயிட்டே?"

"பொங்கலுக்கு முன்னாலயே காலிண்ணே. அந்த மீன் வாலைப் பாருங்க. எல்லாம் கையால கிழிச்சது. வெட்டத்தான் ஆளில்லை."

கத்தரிக்கோல் வெகுநேரம் அந்த வால்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் சாமான்களை அடுக்கியபோது அதை மட்டும் காணவில்லை. எல்லோரும் தேடினார்கள். பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பாய்க்கு அடியில் அது மூச்சுக் காட்டாமல் படுத்திருந்தது.