மறுபடியும் கால் ஆணி

அந்தப் பெண்ணின் உள்ளங்காலில் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, கால் ஆணியை வேரோடு தோண்டிக்கொண்டிருந்தார் தோல் டாக்டர்.

"ஏற்கெனவே எடுத்த தழும்பு இருக்கே? மறுபடியும் எப்படி வந்துச்சு?"

"நாள் முழுக்க நின்னுக்கிட்டே வேலை சார்."

"நடுவுல கொஞ்சம் உட்கார வேண்டியதுதானே?"

"உட்கார்ந்தா வேலை போயிடும்னு சொல்லியிருக்காங்க. நாற்காலியையே எடுத்துட்டாங்க சார்."

டாக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"மனுஷனா அவன்? இப்படியே நின்னா எத்தனை தடவை வெட்டினாலும் திரும்ப வரும். புண்ணாகிச் சீழ் வெச்சா நடக்கவே முடியாது. உன் முதலாளி நம்பரைச் சொல்லு. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நானே நாலு வார்த்தை கேக்குறேன்."

இதை விட்டால் வேறு சந்தர்ப்பம் வாய்க்காது என்று அவள் துணிந்துவிட்டாள்.

"நீங்கதான் சார் முதலாளி. கீழே ரிசப்ஷன்ல நிக்கிறது நான்தான். தினமும் மாஸ்க் போட்டுக்கிட்டு உங்களுக்கு வணக்கம் சொல்வேனே. நாற்காலியை எடுக்கச் சொன்னதும் நீங்கதான் சார்."

அப்போதுதான் டாக்டர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். மறுபடியும் காலுக்கே குனிந்து கட்டுப் போட ஆரம்பித்தார்.

"சரி, சரி. இனிமே மெத்துன்னு ஒரு செருப்பு வாங்கிப் போட்டுக்கம்மா."