மறுத்தவர்: மாசானம்

கேண்டீன் வாசலில் இருந்த தொடுதிரையில் சிவப்புப் பொத்தானுக்குக் கீழே ஒரே ஒரு பெயர் இருந்தது.

மாசானம். டிரெய்னி. இரண்டாவது லைன்.

சாப்பாட்டுத் தட்டோடு நின்ற மாசானம் அதைத் திரும்பவும் படித்தான். கம்பெனியில் வேறு மாசானம் யாராவது இருக்கிறார்களா என்று யோசித்தான். இல்லை.

மேலே நிர்வாகத்தின் பதிவு. 'இனி ஞாயிறுகளிலும் லைன் ஓடும். நம் குடும்பம் மகிழ்ச்சியோடு ஒத்துழைக்கும்.' அடியில் இரண்டு பொத்தான்கள். பச்சை, உடன்படுகிறேன். சிவப்பு, மறுக்கிறேன்.

தொழிலாளர்கள் மனம்விட்டுப் பேசுவதற்காகவே கம்பெனி ஆன்லைனில் ஒரு விவாத மேடை தொடங்கி, இங்கே திரையும் வைத்திருந்தது. அடையாள அட்டையைக் காட்டிவிட்டுத் தொட வேண்டும். யார் எதைத் தொட்டார்கள் என்பது மதியம் பெயரோடு வரும். மனம்விட்டுப் பேச அது ஒன்றுதான் இடைஞ்சல்.

சிவப்பு என்று நேற்று டீ நேரத்தில் முடிவாகியிருந்தது. காலையில் தொப்பி, கையுறை, ஷூ சகிதம் முழு ஷிப்டும் வரிசையில் வந்து சிவப்பை அழுத்தியது. மாசானம் கண்ணால் பார்த்தான். வடக்குப்பட்டு சுப்பராயன் அழுத்திய வேகத்தில் திரையே ஆடியது.

இப்போது பச்சையின் கீழே சூப்பர்வைசர் பென்சனும் அவர் சகாக்களும். சிவப்பின் கீழே மாசானம்.

"சிங்கம்பா நீ," என்றார் பின்னால் வந்த சுப்பராயன். "நாங்களுந்தான் அமுக்கினோம். மிஷின்ல இன்னாவோ கோளாறு."

"எனக்கு மட்டும் எப்படிண்ணே கோளாறு இல்லாமப் போச்சு?"

"உனுக்கு நல்ல மனசுப்பா." சுப்பராயன் இதைச் சாம்பாரைப் பார்த்துச் சொன்னார்.

மேஜையில் இடம் விட்டார்கள். அப்பளம் ஒன்று கூடுதலாக வந்தது. ஸ்டோர்ஸ் மண்ணாங்கட்டி, போன வாரம் ஒரு ஜோடி கையுறை கேட்டதற்கு அவனை விரட்டியடித்தவர், எழுந்து நின்று தண்ணீர் ஊற்றினார்.

இருங்காட்டுக்கோட்டையில் பலரோடு தங்கியிருந்த அறையில், மின்விசிறிக்கு நேர்கீழே படுக்கும் இடத்தை நேற்று வந்தவனிடம் விட்டுக்கொடுத்தவன் மாசானம். தைரியம் என்ற சொல்லைப் பள்ளிக்கூடக் கட்டுரையில் எழுதியதோடு சரி. அப்பளத்தைக் கடிக்கையில், தான் ஒருவேளை தைரியசாலிதானோ என்று அவனுக்கே சந்தேகம் வந்தது.

பென்சன் வந்து தோளைத் தொட்டார். சந்தேகம் போய்விட்டது.

எச்.ஆர். அறைக்குக் கண்ணாடிச் சுவர். உள்ளே ஷாலின் மேடம், மேஜையில் ஒரு கோப்போடு. இந்த மாதம் அவனுக்கு வேலை நிரந்தரமாக வேண்டும். ஆகவில்லை என்றால் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு, சங்கரன்கோவில் பஸ்.

"தெரியாம கை பட்டுடுச்சா மாசானம்? அப்படின்னா சொல்லுங்க, மாத்திடலாம். உங்க பைல் இதோ, கையெழுத்துக்குத்தான் இருக்கு."

ஆமாம் மேடம், தெரியாமல் பட்டுவிட்டது. இவ்வளவு சொன்னால் போதும். அது பொய்கூட இல்லை.

கண்ணாடிக்கு வெளியே முழு ஷிப்டும் கை கழுவுகிற சாக்கில் நின்றது. சுப்பராயன் கழுவிய கையையே கழுவிக்கொண்டிருந்தார். இத்தனை பேர் ஒருசேரத் தன்னைப் பார்த்து அவன் பார்த்ததில்லை. உள்ளே பேசுவது வெளியே கேட்காது. ஆனால் பெயர் திரையை விட்டுப் போனால் தெரியும்.

"இல்ல மேடம். தெரிஞ்சேதான் தொட்டேன்."

குரல் நன்றாகத்தான் வந்தது. யார் பேசியது என்று அவனே திரும்பிப் பார்த்திருப்பான்.

ஷாலின் மேடம் அந்தக் கோப்பை எடுத்து, பக்கத்தில் இருந்த அடுக்கின் அடியில் வைத்தார்.

வெளியே சுப்பராயன் ஒருவழியாகக் குழாயை மூடினார். எல்லோரும் வழிவிட்டார்கள். ஸ்டோர்ஸ் ஜன்னலைத் தாண்டும்போது மண்ணாங்கட்டி கூப்பிட்டு, கையெழுத்துக்கூடக் கேட்காமல், புது ஜோடி கையுறையை நீட்டினார்.

"உனுக்கு இல்லாததா? பழச மட்டும் குடுத்துட்டுப் போ."

மாசானம் தயங்கினான். பிறகு பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தான்.

வலது கையுறையில் ஆள்காட்டி விரல் நுனி கிழிந்திருந்தது. மண்ணாங்கட்டி அதற்குள் தன் விரலை விட்டுப் பார்த்தார். மறுபக்கம் நகம் தெரிந்தது.

கையுறை போட்ட விரலை அந்தத் திரை கண்டுகொள்ளாது. ஷிப்டில் எல்லோருக்கும் அது தெரியும். காலையில் ஒருவர்கூடக் கையுறையைக் கழற்றவில்லை, மாசானம் உட்பட.

மண்ணாங்கட்டி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"போன வாரமே குடுத்துருக்கணும்பா நானு."